கழுவக் கழுவத் துலங்கும் படம்

உங்கள் கைப்பேசியில் இப்போது எத்தனை படங்கள் இருக்கின்றன? ஐயாயிரமா, பத்தாயிரமா? அவற்றில் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியவை எத்தனை? பெரும்பாலான வீடுகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று என்று எடுத்துத் தள்ளுகிறோம். எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதுதான் இல்லை.

இந்தக் காலத்தில்தான் இளைஞர்கள் சிலர் தாத்தாவின் அலமாரியில் கிடந்த பழைய கேமராவைத் துடைத்து எடுத்து, 36 படங்களே எடுக்க முடிகிற பிலிம் சுருளை வாங்கிப் போட்டு, ஜோர்ஜ் டவுன் வீதிகளில் நடக்கிறார்கள். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் கழுவ வேண்டும்.

'பிலிம் கழுவக் கொடுத்திருக்கிறேன்' என்று நம் அப்பா அம்மா சொல்லக் கேட்டிருப்போம். மலாய்க்காரர்களும் 'சுச்சி கம்பார்' என்றுதான் சொல்வார்கள். படத்தைக் கழுவுவது என்றே பொருள். சீன மொழியிலும் படத்தைக் 'கழுவுவது'தான் வழக்கு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் புழங்கும் மூன்று மொழிகளும் ஒரே வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படம் என்பது தண்ணீரில் பிறப்பது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சாலைக்கும் படம் கழுவும் தொழிலுக்கும் தமிழனுக்கும் இடையே 160 ஆண்டுக்கும் மேற்பட்ட உறவு ஒன்று உண்டு. நம்மில் பலரும் கேள்விப்படாத கதை அது.

இருட்டறையில் இரண்டு மதராஸ்காரர்கள்

1862ஆம் ஆண்டு எடின்பரோவிலிருந்து ஜோன் தொம்சன் என்ற 25 வயது இளைஞர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கேமராவும் கண்ணாடித் தகடுகளும்தான் அவருடைய மூலதனம். அங்கிருந்து பினாங்குக்கு வந்து, தீவிலும் எதிர்க்கரையில் அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையிலுமாகப் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். பின்னாளில் 1866இல் அங்கோர் வாட்டைப் படமெடுத்ததாலும், சீனாவில் எடுத்த படங்களாலும் உலகப் புகழ் பெற்ற அதே தொம்சன்தான்.

1875இல் அவர் வெளியிட்ட பயண நூலில் பினாங்கு நாட்களைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். படங்களை அச்சிடவும் தமக்கு உதவியாக இருக்கவும் மதராஸ்காரர்கள் இருவரைத் தாமே பயிற்றுவித்ததாகச் சொல்கிறார். மனிதக் கை படாமல் உருவம் பதிவதை ஏதோ பில்லி சூனியம் என்று கருதிச் சீனர்கள் அந்த வேலைக்கு வர மறுத்தார்களாம். இவர்கள் இருவரும் துணிந்து வந்தார்கள்.

அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. 'கெலிங்' என்றே குறிப்பிடுகிறார். இன்று நம் காதில் உறுத்தும் இந்தச் சொல் அன்று தென்னிந்தியர் எல்லாருக்கும் பொதுவாக வழங்கிய பெயர். பள்ளிவாசலின் பெயரிலும் சாலையின் பெயரிலும் அது நிலைத்துவிட்டது. பெயர் எழுதாத தொம்சன், அவர்களுடைய நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு கேலி எழுதத் தவறவில்லை. வெயில் பட்ட வெள்ளி நைட்ரேட் கறையின் நிறம் அவர்களுக்கு உடம்பெல்லாம் இருந்ததாம்.

அந்தக் கேலிக்குள் ஒரு தொழில் உண்மை ஒளிந்திருக்கிறது. வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெயில் விழுந்தால் கறுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் நாள்கணக்கில் போகாது. இந்தியத் தேர்தல்களில் வாக்காளர் விரலில் வைக்கும் அழியா மையில் இருப்பதும் இதுதான். அந்நாளில் படத் தொழில் செய்தவர்களின் விரல்களைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம்.

அவர்கள் செய்த வேலை சாதாரணமானது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசினைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காயும் முன் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, ஈரம் காயும் முன்பே இருட்டில் கழுவியும் ஆக வேண்டும். மொத்தமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்; நம்மூர் வெக்கையில் அதற்கும் குறைவு. இதற்காக இருட்டுக் கூடாரத்தையே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

அச்சிடுவது அடுத்த கட்டம். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் வெள்ளி உப்பை ஏற்றி, தகட்டின் கீழ் வைத்து, வெயிலில் காய வைப்பார்கள். வெயில்தான் அச்சு இயந்திரம். மேகம் வந்தால் நேரம் கூடும். போதுமான அளவு கறுத்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிறகு தங்க உப்புக் கரைசலில் நனைத்து நிறம் ஏற்றுவார்கள்; தங்கம் ஏறிய படம் எளிதில் மங்காது. வெள்ளியும் தங்கமும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்த இந்த வேலையை நகைக்கடைகள் நிறைந்த இந்தச் சாலைக்காரர்களிடம் சொன்னால், 'பட்டறை வேலை மாதிரியே இருக்கிறதே' என்பார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இது நடந்தது. மதராஸில் 1856லேயே புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தபோது அவருக்கு உதவியாக இருந்து அச்சு வேலை பார்த்தவர் ஐயாசாமி என்ற தமிழர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் டிரைப். ஐயாசாமியின் பெயராவது ஏட்டில் நின்றது. பினாங்கின் இருவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

ஆகவே, பிலிம் புகைப்படம் என்பது மேல்நாட்டிலிருந்து புதிதாக வந்த மோகம் என்று யாராவது சொன்னால், எங்கள் ஆட்கள் 1860களிலேயே பினாங்கில் படம் கழுவியவர்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒரு சாலை, ஒரு சுருள்

பிலிம் பழக நினைப்பவர்களுக்கு இந்தச் சாலையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட சாலை இது. வடக்கு முனையில் 1818இல் கட்டிய செயிண்ட் ஜோர்ஜ் தேவாலயம். அடுத்து குவான் யின் கோயில். குயின் ஸ்திரீட்டைப் பார்த்து வாசல் வைத்த மகாமாரியம்மன் ஆலயத்தின் பின்புறம் இந்தச் சாலையை ஒட்டி வருகிறது. 1833இல் எழுந்த ஆலயம் அது. அதைத் தாண்டினால் கப்பித்தான் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல். 2008 ஜூலை 7ஆம் தேதி ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தலமானபோது, நல்லிணக்கச் சாலை என்று எல்லாரும் சுட்டிக் காட்டியது இதைத்தான்.

காலை ஏழரை மணிக்கு வந்துவிடுங்கள். குவான் யின் கோயில் வாசலும் மாரியம்மன் ஆலயக் கோபுரமும் கிழக்குப் பார்த்தவை. இளவெயில் நேராக முகத்தில் விழும். ஊதுவத்திப் புகைக்குள் அந்த வெயில் நுழையும்போது ஒளி கோடு கோடாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வந்தால் அந்த ஒளி போய்விடும். வெயில் உச்சந்தலையில் ஏறி, எல்லார் கண்ணுக்குக் கீழும் கறுப்புக் குழி விழுந்துவிடும்.

ஒளியை அளக்க ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை 16இல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்துக்கொள்ளலாம். 400 வேகப் பிலிமானால் நொடியில் 500இல் ஒரு பங்கு. 400க்கு அருகில் இருப்பது அதுதான். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை நிழலுக்குள் நுழைந்தால் துவாரத்தை 4க்குத் திறந்து, வேகத்தை 125க்கு இறக்குங்கள். இந்த இரண்டு கணக்கு மனதில் இருந்தால் பாதிச் சாலையை எடுத்துவிடலாம். மின்கலம் செத்துப்போன கேமராவும் கைகொடுக்கும்.

பள்ளிவாசலின் வெளிர்நிறச் சுவர்தான் புதியவர்களைக் கவிழ்க்கும் இடம். வெள்ளைச் சுவரைப் பார்த்த ஒளிமானி, 'வெளிச்சம் மிக அதிகம்' என்று எண்ணிக் குறைத்துவிடும். படத்தில் சுவர் சாம்பல் நிறமாகும். அதன் முன் நிற்பவர் முகம் கரியாகும். பிலிமில் நிழல் பகுதிக்குப் போதுமான ஒளி கொடுத்துவிட்டால் வெளிச்சப் பகுதியை இருட்டறையில் சமாளித்துக்கொள்ளலாம். நிழலில் பதியாததை எந்த வித்தையாலும் பின்னர் வரவழைக்க முடியாது.

நம் நிறம், நம் கையில்

மேலே சொன்னது சுவரைப் பற்றிய கணக்கு மட்டுமல்ல. நம் முகங்களைப் பற்றியதும்தான்.

பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் மாநிறத்தவர் தெளிவாக இருப்பார்கள். கறுத்த பெரியப்பாவுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். ஸ்டூடியோவுக்குப் போகும் முன் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்ட தலைமுறை நம்முடையது. குறை நம் தோலில் இருப்பதாகவே நம்பிவிட்டோம்.

குறை அளவுகோலில் இருந்தது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவரைப் பார்த்து எடுத்த முதல் மாதிரியின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று பொருள். பழுப்பு நிறத்தின் நுணுக்கங்களைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்ற புகார் மரச்சாமான் செய்பவர்களிடமிருந்தும் சாக்லேட் தயாரிப்பவர்களிடமிருந்தும் வந்தது. அதுவும் சேர்ந்துதான் பிலிமின் தரம் மாறத் தூண்டியது. பல இன முகங்களும் கொண்ட மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. நம் பெரியப்பா முகம் காட்ட முடியாததை நாற்காலி காட்டவேண்டியிருந்தது.

கறுப்பு வெள்ளைப் பிலிமை நாமே கழுவி நாமே அச்சிடும்போது அந்த அளவுகோல் நம் கைக்கு வந்துவிடுகிறது. கறுத்த முகத்துக்கு ஒளிமானி சொல்லும் அளவை அப்படியே ஏற்காமல், முகத்தின் நிழல் பக்கத்தைப் பார்த்து ஒளி கொடுங்கள். அச்சிடும்போது அந்த முகத்தைத் தனியாகக் கவனியுங்கள். வெளுக்க வைக்கத் தேவையில்லை. கன்னத்தில் ஒளி வழியும் இடமும், நெற்றிச் சுருக்கமும், கண்ணின் ஆழமும் தெரிந்தால் போதும். கறுப்பு என்பது ஒரே கறுப்பு அல்ல. அதற்குள் இருபது படிகள் இருக்கின்றன என்று அப்போது தெரியும்.

பெயரில்லாத அந்த இருவரும் இதே வேலையைத்தான் செய்தார்கள். வெயிலில் வைத்த காகிதத்தை எப்போது எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். அந்த முடிவுதான் படத்தில் இருப்பவரின் நிறம்.

குளியலறையில் ஒரு கூடம்

பிலிம் கழுவத் தனி அறை வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். தேவையில்லை. ஒரு கழுவும் தொட்டி, பிலிம் சுற்றும் சுருளி, வெப்பமானி, அளவுக் குவளை, கடிகாரம் போதும். முழு இருட்டு வேண்டியது சுருளைத் தொட்டிக்குள் ஏற்றும் அந்தச் சில நிமிடத்துக்குத்தான். கைகளை நுழைக்கும் கறுப்புத் துணிப் பை ஒன்று இருந்தால் அதுவும் பகலிலேயே முடிந்துவிடும். பாழான பழைய சுருள் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகிவிட்டு உண்மைச் சுருளைத் தொடுங்கள்.

பிலிமில் பரவியிருப்பது ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நேர்ந்திருக்கும். முதல் மருந்தான டெவலப்பர், அந்தத் துகள்களை மட்டும் தேர்ந்து கறுப்பு வெள்ளியாக்கும். அடுத்த மருந்து அந்த வேலையை நிறுத்தும். மூன்றாவதான ஃபிக்ஸர், ஒளி படாத உப்பை எல்லாம் கரைத்து வெளியேற்றும். 'ஹைப்போ' என்று நம் ஸ்டூடியோக்காரர்கள் சொல்லிவந்த அந்த உப்பைப் படத்தை நிலைப்படுத்த 1839இல் முன்மொழிந்தவர் ஜோன் ஹெர்ஷல். 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்ற சொற்களைப் படத்துறைக்குத் தந்தவரும் அவரே.

நம்மூரில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் நேரமெல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு உரியது. நம் குழாய்த் தண்ணீரோ 28 பாகைக்குக் குறைவது அரிது. சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்யும். நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்தால் திட்டுத் திட்டாகக் கழுவப்படும். வழி எளிது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டி போட்டு, மருந்துக் குவளைகளை அதில் நிறுத்துங்கள். 24 பாகைக்கு வந்தால் போதும். எடுத்துக்காட்டாக, எச்பி5 பிலிமுக்கு ஐடி-11 மருந்தைச் சரிபாதித் தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் சுமார் 9 நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து மூடியைத் திறந்து சுருளை இழுக்கும் அந்த நொடியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஈரம் சொட்டச் சொட்ட, விளக்கை நோக்கித் தூக்கிப் பிடிக்கையில், வானம் கறுப்பாகவும் ஆட்களின் தலைமுடி வெள்ளையாகவும் வரிசை வரிசையாகத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன் பார்த்த பூக்காரம்மா தலைகீழ் நிறத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. இது சமையல் பாத்திரத்தில் செய்யும் வேலை அல்ல. குவளைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கையுறை அணியுங்கள், கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டுங்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையில் கொட்டாமல் போத்தலில் சேர்த்து, படம் கழுவும் ஆய்வகத்தில் ஒப்படைப்பதே முறை.

சிவப்பு விளக்கின் கீழ்

நெகட்டிவைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் பாதி விருந்தில் எழுந்த மாதிரிதான் அது. இருட்டறையில் அச்சிட்டுப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

உருப்பெருக்கியில் நெகட்டிவை வைத்துக் கீழே காகிதத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறோம். கறுப்பு வெள்ளைக் காகிதத்துக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். முதலில் ஒரு கீற்றுக் காகிதத்தில் ஐந்து நொடி, பத்து நொடி, பதினைந்து நொடி என்று படிப்படியாக ஒளி கொடுத்துச் சோதிப்பார்கள். எது சரியோ அந்த நேரத்தை முழுக் காகிதத்துக்குக் கொடுத்து, மருந்துத் தட்டில் நழுவ விட வேண்டும். பத்து நொடி ஒன்றும் நடக்காது. பிறகு எங்கோ ஒரு மூலையில் நிழல் கட்டும். கண் வரும், காது வரும், சட்டைப் பொத்தான் வரும். ஒரு நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார்.

முகம் மட்டும் இருண்டால், அட்டைத் துண்டைக் கம்பியில் ஒட்டி அந்த இடத்தில் ஒளியை மறைத்து அசைத்துக்கொண்டே இருக்கலாம். சுவர் வெளுத்தால், கையைக் குவித்து அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விடலாம். கணினி மென்பொருளில் இருக்கும் பல பொத்தான்களின் பெயர் இந்தக் கை வேலையிலிருந்து வந்ததுதான். ஒரே நெகட்டிவில் இருவர் அச்சிட்டால் இரண்டு படம் வரும். ஒருவர் கைமணம் மற்றவருக்கு வராது என்று சமையலில் சொல்வோமே, அதே கதை.

குடும்பத்தோடு செய்வதற்கும் நல்ல வேலை இது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். கைப்பேசி வெளிச்சம் காகிதத்தைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு அந்த அறைக்குள் யாரிடமும் கைப்பேசி இருக்காது. இதற்காகவே தொடங்கலாம் என்று நினைக்கும் பெற்றோர்கள் உண்டு.

செலவும் நியாயமும்

மலிவான பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. ஒரு சுருள் வாங்கும் பணத்தில் இருவர் நாசி கண்டார் கடையில் வயிறாரச் சாப்பிட்டு எழலாம். மருந்தும் காகிதமும் வேறு. தெளிவிலும் வேகத்திலும் இன்றைய கைப்பேசியோடு பழைய கேமரா போட்டியிட முடியாது. 1975இல் முதல் எண்ணியல் கேமராவை உருவாக்கியதே கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான். அந்தக் குழந்தையே தாயை விழுங்கியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது.

பிலிம் அத்தோடு முடியவில்லை. 2023 இறுதியில் இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் ஃபீனிக்ஸ் என்ற புதிய வண்ணப் பிலிமைக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம் புதிய பிலிம் கேமராவை விற்பனைக்கு விட்டது. வாங்குபவர்களில் பெரும் பகுதியினர் பிலிம் காலத்தில் பிறக்காதவர்கள்.

ஏன் வாங்குகிறார்கள்? ஒவ்வொரு சொடுக்குக்கும் விலை இருப்பதால் ஒவ்வொரு சொடுக்குக்கும் முன் ஒரு கணம் நிற்கிறோம். பணமாற்றுக் கடைக்காரரைப் படமெடுக்க வேண்டுமானால், தூரத்திலிருந்து பத்துப் படம் சுட்டுவிட்டு ஓட முடியாது. அருகில் போய், 'அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?' என்று கேட்க வேண்டும். கேட்டால் பேச்சு வளரும். எந்த ஊர், எத்தனை வருடமாகக் கடை என்று விசாரிப்பதற்குள் தேத்தண்ணீர் வந்துவிடும். படம் அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தொழுகை நேரத்திலும் பூசை நேரத்திலும் கேமராவைத் தாழ்த்தி வையுங்கள். சாலை உங்களை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருக்கும் பினாங்கு

கடைசியாக ஒன்று. இதைப் படிப்பவர்களில் கேமரா வாங்கப் போகிறவர்கள் சிலரே. பழைய நெகட்டிவும் பழைய ஆல்பமும் வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தபோது, ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் பல வெளியேறின. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது எது? அடையாளம் தெரியாதவர்கள் நிற்கும் படங்களும், என்னவென்றே புரியாத நெகட்டிவ் உறைகளும்தான். கட்டடங்களுக்குப் பாரம்பரியப் பட்டயம் வந்துவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குள் சமைத்து, சண்டையிட்டு, கல்யாணம் செய்து வாழ்ந்தவர்களின் முகங்கள் அந்த உறைகளில் மட்டுமே இருக்கின்றன.

இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு. நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். அச்சுப் படம் தொலைந்தாலும் நெகட்டிவிலிருந்து மறுபடி அச்சிடலாம். புளித்த காடி வாசனை வரும் நெகட்டிவுகளைத் தனியே பிரித்து வையுங்கள். அந்தச் சிதைவு மற்றவற்றுக்கும் பரவும். பிவிசி உறைகளைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் உறைகளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாப் பெட்டியில் மூடுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் பூஞ்சை லென்ஸையும் விடாது, பிலிமையும் விடாது. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம்.

பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் அப்படியே இருக்க, அம்மாவின் வண்ணக் கல்யாணப் படம் சிவந்து வெளிறிப் போயிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். முன்னதில் இருப்பது வெள்ளி. பின்னதில் இருப்பது சாயம். சாயம் மங்கும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெயர். படத்தைக் கவிழ்த்து வைத்து, பின்புறத்தின் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன உறவு. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். 'இது யார் அப்பாயி?' என்ற ஒரு கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதே போதாது.

தொம்சனின் கண்ணாடித் தகடுகளில் 600க்கும் மேற்பட்டவை இன்று லண்டன் வெல்கம் நிறுவனத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவரோடு பினாங்கு வெயிலில் நின்று காகிதத்தைக் கறுக்க வைத்த இருவரின் பெயரை எழுதி வைக்க அன்று ஒரு பென்சில் கிடைக்கவில்லை. நம் வீட்டுப் பெட்டியில் இருப்பவர்களுக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இன்று ஞாயிற்றுக்கிழமைதான்.